பொழுதுபோக்கு எப்போது தொழிலாகிறது?

இந்திய வருமான வரிச் சட்டத்தில் ‘பொழுதுபோக்கு’ என்பதற்கு வரையறை கிடையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. அதன் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. ஆயினும், ஓவியம் வரைந்து விற்கும் பேராசிரியர், வார இறுதிகளில் நடனம் கற்பிக்கும் ஆய்வு மாணவி, சிறுகதைத் தொகுப்புக்கு உரிமைத்தொகை பெறும் நூலகர் ஆகிய அனைவரும் கணக்குத் தாக்கல் செய்யும் பருவத்தில் ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கின்றனர்: இது தொழிலா, இல்லையா? சட்டம் பெயரிடாத ஒன்றின் எல்லையைத் தனிமனிதர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். ‘பொழுதுபோக்குதானே, இதற்கு வரி இல்லை’ என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. தொழில் வருமானம் எனக் கொள்ளப்படாத தொகை ‘பிற வருவாய்’ என்னும் தலைப்பின்கீழ்ச் சென்று சேரும். தற்செயலாக, மீண்டும் மீண்டும் வராத வகையில் கிடைத்த தொகையில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விலக்களித்த பிரிவு ஒன்று முன்பு இருந்தது. 2003 ஏப்ரல் முதல் அதுவும் நீக்கப்பட்டது. ஆகவே வரி உண்டா என்பது இங்கே கேள்வியே அன்று. எந்தத் தலைப்பில் என்பதே கேள்வி.

‘வணிகம்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் முற்றுப்பெற்ற வரையறை அன்று. ‘இவற்றையும் உள்ளடக்கும்’ என்ற முறையில் அமைந்த விரிவுரை. வாணிபம், உற்பத்தி ஆகியவற்றோடு வாணிபத் தன்மையுள்ள தனி முயற்சியும் அதில் அடங்கும். ‘தொழில்முறைப் பணி’ என்பதிலோ ஒருவர் தம் வாழ்வின் ஈடுபாடாகக் கொண்ட பணியும் அடங்கும். தமிழில் ‘தொழில்’ என்ற சொல் எவ்வளவு அகலமானது என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். வினையைக் குறிக்கும் பெயரையே நாம் தொழிற்பெயர் என்கிறோம். சட்டத்தின் சொற்களும் ஏறத்தாழ அதே அகலத்தில் விரிந்து கிடக்கின்றன.

இந்த அகலத்தை உணர்த்தும் தீர்ப்பு ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசில் காவல்துறைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பி. கிருஷ்ண மேனன், வேதாந்தம் கற்பித்துவந்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த சீடர் ஒருவர் அவருக்குப் பெருந்தொகை வழங்கினார். அது அன்பளிப்பா, வருமானமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு 1959-ஆம் ஆண்டு வரித் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்தது. வேதாந்தம் கற்பிப்பதும் கற்பித்தலே. பொருளீட்டும் நோக்கம் இல்லை என்பதால் மட்டும் அது தொழில்முறைப் பணி என்னும் தன்மையை இழக்காது. அப்பணியின் காரணமாக வந்த தொகை வரிக்குரியதே என்று நீதிமன்றம் கொண்டது. ‘ஆத்ம திருப்திக்காகவே செய்கிறேன்’ என்று கூறும் கலைஞர் இத்தீர்ப்பைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அதே காலத்து மற்றொரு தீர்ப்பு வேறு முனையிலிருந்து பேசுகிறது. கோயம்புத்தூர் ஆலை ஒன்றின் நிர்வாக முகவர்கள் ஆலையையொட்டிய நிலத்தை வாங்கிப் பின்னர் ஆலைக்கே விற்ற ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவன வழக்கில், தனி ஒரு விற்பனையும் வணிகமாகக்கூடும் என்றது உச்ச நீதிமன்றம். வாங்கியபோது இருந்த நோக்கம், பொருளின் தன்மை, அளவு, திரும்பத் திரும்ப நிகழ்தல் எனப் பல கூறுகளை ஒருங்கே எடைபோட வேண்டும் என்றும், எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒற்றைச் சூத்திரம் கிடையாது என்றும் விளக்கியது. கலைப்பொருளை வாங்கிச் சிலகாலம் வைத்திருந்து விற்பவர், அதை உடைமையாகக் கொண்ட பெருமிதத்தையும் அழகியல் நிறைவையும் காட்ட முடிந்தால் அது வணிகம் என்ற முடிவுக்கு எதிரான சான்றாகும் என்பதையும் குறிப்பிட்டது.

இவ்விரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதுபோல் தோன்றலாம். ஒன்று நோக்கம் தேவையில்லை என்கிறது. மற்றொன்று நோக்கத்தைத் தேடுகிறது. உண்மையில் அவை கேட்கும் கேள்விகள் வேறு. ஒருவர் தொடர்ந்து ஆற்றும் பணியிலிருந்து பணம் வரும்போது, அந்தப் பணிக்கும் பணத்துக்கும் இடையிலான தொடர்பு பார்க்கப்படுகிறது. ஒரு பொருள் கைமாறும்போது, அது எதற்காகக் கைக்கு வந்தது என்பது பார்க்கப்படுகிறது. நடன ஆசிரியைக்கு முதல் கேள்வி பொருந்தும். மண்கோப்பை வனைபவருக்கு இரண்டாவது பொருந்தும்.

பெங்களூரில் மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் வார இறுதிகளில் கோப்பைகள் வனைவதாகக் கொள்வோம். முதலாண்டு வீட்டில் இடம் போதாமல் நண்பர்களுக்குச் சிலவற்றை விற்கிறார். களிமண்ணுக்குச் செலவான பணம்கூடத் திரும்பவில்லை. இரண்டாமாண்டு கண்காட்சி ஒன்றில் மேசை போடுகிறார். மூன்றாமாண்டு இன்ஸ்டாகிராமில் விலைப்பட்டியல் இடுகிறார், முன்பணம் வாங்குகிறார், சொந்தமாகச் சூளை வைக்கிறார், நீலக் கோப்பைகளே அதிகம் கேட்கப்படுவதால் நீலத்தையே வனைகிறார். தொழில் தொடங்கிய இடம் எது? தொகையைப் பார்த்து விடை சொல்ல இயலாது. வனைந்ததை விற்ற நிலை மாறி, விற்பதற்காக வனையும் நிலை வந்த இடமே எல்லை. வாங்குபவரின் விருப்பம் கைவேலையின் வடிவத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிய பிறகு அதைப் பொழுதுபோக்கு என்று சாதிப்பது கடினம்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்கச் சட்டத்தைச் சார்ந்தது. அங்கே பொழுதுபோக்கின் நட்டத்தைக் காட்டி மற்ற வருமானத்தின் வரியைக் குறைத்துக்கொள்வதே அரசின் கவலை. அதனால் ஒன்பது கூறுகளைக் கொண்ட சோதனை வகுத்திருக்கின்றனர். இந்தியாவில் தொழில் நட்டத்தைச் சம்பளத்துக்கு எதிராகக் கழிக்கவே முடியாது. எட்டு ஆண்டுகள் வரை தொழில் இலாபத்துக்கு எதிராக எடுத்துச்செல்ல மட்டும் முடியும். எனவே அந்தச் சோதனையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதில் பயனில்லை.

இங்கே விளைவுகள் வேறு. தொழில் என்று காட்டினால் சூளையின் தேய்மானத்தைக் கழிக்கலாம். ஆனால் சம்பளக்காரருக்கான எளிய படிவம் கைவிட்டுப்போகும். சம்பளம் மட்டும் பெறுபவர் ஆண்டுதோறும் பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால், பழைய முறைக்குச் சென்றவர் புதியதற்கு ஒருமுறை மட்டுமே திரும்ப முடியும். சில ஆயிரம் ரூபாய்க் கோப்பைகள் முழுச் சம்பளத்தின் வரிக்கணக்கையும் கட்டிப்போடுகின்றன.

எழுத்தாளரின் நிலை இன்னும் விந்தையானது. கணக்கேடு வைக்க வேண்டிய தொழில்முறைப் பணிகளின் பட்டியலில் திரைப்படத்துக்குப் பாட்டெழுதுபவர் உண்டு. அதே கவிஞர் கவிதைத் தொகுப்பு வெளியிட்டால் அந்தப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. நூலாசிரியரின் உரிமைத்தொகையில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு தரும் 80கியூகியூபி பிரிவோ, அவ்வருமானம் அவருடைய தொழில்முறைப் பணியின் வழியே வந்திருக்க வேண்டும் என்கிறது. புதிய வரிமுறையில் அக்கழிவும் இல்லை. நாவல் எழுதும் இயற்பியல் பேராசிரியருக்கு எழுத்து தொழிலா என்ற கேள்வி, இங்கே அவருக்கு எதிராகவே திரும்புகிறது.

சரக்கு சேவை வரிச் சட்டத்தில் நிலைமை மேலும் கடுமை. பண ஆதாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அளவும் தொடர்ச்சியும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வணிகமே என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்குத் தளர்வு உண்டு. மண்பாண்டம் செய்பவர் அதில் தப்பலாம். தம் ஓவியத்தை அச்சிட்ட சுவரொட்டியாக மாநில எல்லைக்கு அப்பால் விற்பவருக்கு 40 லட்சம் ரூபாய் வரம்பு துணைவராது. முதல் விற்பனைக்கே பதிவு தேவைப்படும்.

பிரிட்டனில் 2017 முதல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான சிறு வாணிப வருவாய்க்கு விலக்கு உண்டு. அத்தகைய வரம்பு ஒன்று இந்தியாவுக்கும் தேவை. மொத்த வருவாயின் அடிப்படையில், நபர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனச் சிறிய தொகை ஒன்றை நிர்ணயித்து, அதுவரை வகைப்படுத்தும் கடமையிலிருந்தே விடுவிக்கலாம். இதை வரி ஏய்ப்போர் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நிரந்தரக் கணக்கு எண்ணோடு இணைந்த பரிவர்த்தனைகளை ஆண்டுத் தகவல் அறிக்கையில் திரட்டிவைக்கும் துறைக்கு, வரம்பைத் தாண்டுவோரைக் கண்டறிவது பெரும்பாடாக இராது. வரம்புக்கு மேற்பட்டோருக்காக, தீர்ப்புகளில் சிதறிக் கிடக்கும் கூறுகளைத் தொகுத்து மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதுவரை கலைஞர் செய்யத்தக்கது எளிது: வரவையும் செலவையும் முதல் விற்பனையிலிருந்தே எழுதிவைத்தல், எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத் தமக்கே நேர்மையாகக் கூறிக்கொள்ளல், ஒருமுறை தேர்ந்த தலைப்பை ஆண்டுக்கு ஆண்டு வசதிக்கேற்ப மாற்றாதிருத்தல். தொழில் என்று ஒப்புக்கொள்வதால் கலை தாழ்ந்துவிடும் என்ற கூச்சமும் பலரைத் தடுக்கிறது. கைவேலையால் வாழ்வோர் தம் கலையைத் தொழில் என்றே காலங்காலமாகச் சொல்லிவருகின்றனர். அதனால் அவர்கள் கலையின் மதிப்புக் குறைந்ததில்லை. படிவத்தில் அச்சொல்லை எழுதத் தயங்குவோர் பெரும்பாலும் வேறொரு சம்பளம் உடையோரே.