பந்தயக் காருக்கு எத்தனை பெயர்?

"சித்தப்பா, ஸ்டேக் என்றால் என்ன?"

கேட்டவன் என் அண்ணன் மகன். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். 2024-ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை. பத்திரிகையில் வந்த கார்ப் பந்தயச் செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு குழுவின் பெயர் அப்படிப் போட்டிருந்தது.

ஸ்டேக் என்பது பணம் வைத்துச் சூதாட வைக்கும் கம்பெனி. இதைப் பையனிடம் எப்படிச் சொல்வது? "அது ஏதோ கம்பெனியடா" என்று சொல்லி நழுவினேன்.

அவன் படித்தது 'பார்முலா ஒன்' பந்தயச் செய்தி. உலகக் கார்ப் பந்தயங்களில் தலையாயது அதுதான். அந்தக் குழுவின் சொந்தப் பெயர் சாபர். சுவிட்சர்லாந்து நாட்டில் ஹின்வில் என்னும் ஊரில் அதன் பட்டறை இருக்கிறது. பீட்டர் சாபர் என்பவர் 1970-இல் தொடங்கியது. 1993-இல் பார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தது.

2019-இல் அதற்கு 'ஆல்பா ரோமியோ' என்று பெயர் வைத்தார்கள். அது இத்தாலியக் கார்க் கம்பெனி. பணம் அந்தக் கம்பெனியினுடையது. காரைச் செய்தது என்னவோ அதே ஹின்வில் பட்டறைதான்! 2024-இல் சூதாட்டக் கம்பெனியின் பெயர் வந்தது. சூதாட்ட விளம்பரம் கூடாது என்று சட்டம் உள்ள நாடுகளில் பந்தயம் நடந்தபோது அந்தப் பெயர் மறைந்துவிட்டது. 'கிக்' என்ற வேறு பெயர் ஏறிக்கொண்டது. காரே சட்டத்துக்குப் பயந்து பெயரை மாற்றிக்கொண்டது. அதைப் பத்திரிகைக்காரர்களாகிய நாம் கூச்சமில்லாமல் அச்சடித்து வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டோம்!

சிகரெட்டுக்குத் தங்கப் பூச்சு

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. ஒரு காலத்தில் பந்தயக் கார்கள் நாட்டின் நிறத்தில் ஓடின. இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம். 1968-இல் பிரிட்டனின் லோட்டஸ் குழு பச்சையை விட்டுச் சிகரெட் பெட்டியின் நிறத்தைப் பூசிக்கொண்டது. 1972-இல் கார் கறுப்பும் தங்கமுமாக மாறியது. காரின் பெயரே 'ஜான் பிளேயர் ஸ்பெஷல்' என்ற சிகரெட்டின் பெயர்! அந்தக் காரை ஓட்டி, பிரேசில் வீரர் எமர்சன் பிட்டிபால்டி 25 வயதில் உலகப் பட்டம் வென்றார். அவருடைய வெற்றியை எழுதிய பத்திரிகைகள் காசு வாங்காமலே சிகரெட்டுக்கு விளம்பரம் செய்தன.

பிறகு சட்டங்கள் வந்தன. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடுக்கிறது. பெராரி காரில் பெயருக்குப் பதிலாகக் கோடு கோடாக ஒரு படம் போட்டிருந்தார்கள். அதுவும் மறைமுக விளம்பரம்தான் என்று மருத்துவர்கள் குறை சொன்னார்கள். 2010 மே மாதம் அதையும் அழித்தார்கள்.

"பணம் கொடுப்பவன் பெயரைப் போடாவிட்டால் பந்தயம் ஏது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பணம் இல்லாமல் கார் ஓடாது. ஆனால் அவன் பணம் கொடுத்தது காரில் எழுதுவதற்கு. நம் தலைப்பில் எழுதுவதற்கு அல்ல. யார் பணம் தருகிறார்கள் என்பதை ஒரு முறை செய்தியாகச் சொல்லலாம். வாரா வாரம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் வேறு, வாடகைக்காரர் வேறு

'ரெட் புல்' என்பதும் ஒரு பானத்தின் பெயர்தானே? ஆம். ஆனால் அந்தக் கம்பெனிதான் குழுவின் சொந்தக்காரர். குழுவுக்கு வேறு பெயரும் கிடையாது. வீட்டுக்காரர் பெயரை எழுதத்தான் வேண்டும். வாடகைக்கு மாட்டிய பலகையைத்தான் விட்டுவிடச் சொல்கிறோம்.

விடாவிட்டால் கதையே புரியாமல் போகும். 2025 ஜூலையில் பிரிட்டனில் பந்தயம். நிக்கோ ஹுல்கன்பர்க் என்ற ஜெர்மன் வீரர் 19-ஆம் இடத்தில் புறப்பட்டு மூன்றாவதாக வந்தார். அது அவருக்கு 239-ஆவது பந்தயம். பரிசு மேடை ஏறியது அதுவே முதல் தடவை! அவர் குழு அதற்கு முன் மேடை ஏறியது 2012-இல், ஜப்பானில். நடுவே 13 வருஷம். சாபர் என்று எழுதிவந்த பத்திரிகையின் வாசகருக்கு அந்த ஏக்கம் தெரியும். பலகையை மட்டும் படித்தவருக்கு அது ஏதோ புதுக் குழு!

2026-இல் இந்தக் குழு 'ஆடி' ஆகிவிட்டது. (மாதம் அல்ல, ஜெர்மன் கார்க் கம்பெனி.) இப்போது வீட்டுக்காரரே மாறிவிட்டார். ஆகவே ஆடி என்றுதான் எழுத வேண்டும். பக்கத்தில் 'பழைய சாபர்' என்று கொஞ்ச காலம் சேர்த்துக்கொண்டால் போதும்.

நம்மவருக்கும் இதில் பங்கு உண்டு. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டியது ஜோர்டான் கார். அமெரிக்கப் பந்தயத்தில் ஆறே கார்கள் ஓட, நான்காவதாக வந்தார். அந்தக் குழு கைமாறிக் கைமாறி 'போர்ஸ் இந்தியா' ஆயிற்று. 2021 முதல் 'ஆஸ்டன் மார்ட்டின்' என்று ஓடுகிறது. அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அது நம்ம ஊர்க்காரர் ஓட்டின காரா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி பத்திரிகையை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.