இறுகிய மரையும் இளகிய கையும்

 

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடலோர ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சன்னல் கம்பியாயினும் கிணற்றுக் கப்பியாயினும் உப்புக்காற்று அதை விட்டுவைப்பதில்லை. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய காரையும் அது அவ்வாறே அரிக்கிறது.

காருக்கும் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களையும், 1970களில் கேசல் கார்களையும் உருவாக்கியது. 1980களின் இறுதியில் அதன் கார் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே அவற்றின் உதிரிப் பாகம் ஒன்று உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. மேலும், 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்துள்ளது. அத்தகைய வண்டியில் ஒரு பக்கக் கண்ணாடியும் மதிப்புடையதே. பின்னால் வருபவரைக் காட்டி உயிர் காப்பதும் அதுவே.

அக்கண்ணாடியைக் கழற்ற முயல்வோர் முதலில் சந்திப்பது அசையாத திருகாணியைத்தான். அது ஏன் இறுகுகிறது? பழைய கண்ணாடிக் கூடுகள் பல, குரோமிய முலாம் பூசிய துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை, திருகாணியோ எஃகு. இரு வேறு உலோகங்களுக்கிடையே உப்பு ஈரம் புகுந்தால் மெல்லிய மின்னோட்டம் எழுந்து துத்தநாகம் அரிபடும். அதிலிருந்து தோன்றும் வெண்பொடியும், எஃகின் செந்துருவும் மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கிடையே அவை ஆப்பு அடித்தாற்போல் நிற்கின்றன. இந்நிலையில் வலிந்து திருகினால் திருகாணியின் தலை முறியும். அன்றேல் கூடு பிளக்கும்.

செய்ய வேண்டியது என்ன? வெளித்துருவைக் கம்பித் தூரிகையால் துடையுங்கள். மரையின் வாயில் துருநீக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் திருகாணியின் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அதிர்வினால் துரு விரிசலடைய, எண்ணெய் உள்ளே இறங்கும். பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் திருப்புளியைக் கொண்டு முதலில் சற்றே இறுக்கும் பக்கமும், பிறகு தளர்த்தும் பக்கமும் திருப்புங்கள். இம்மியளவு அசைந்தாலும் போதும். மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு. கண்ணாடியைத் திருப்பும் குமிழ் மூட்டு இறுகியிருந்தால் அதற்கும் இம்முறையே ஏற்றது.

நெருப்பை அண்டவிடாதீர்கள். துத்தநாகக் கலவை 400 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே உருகிவிடும், எண்ணெயும் பற்றிக்கொள்ளும். கண்ணாடியை எடுத்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைக் கூட்டின் மீது சுற்றினால் போதும். துத்தநாகம் எஃகைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் விரிவதால் பிடி சற்றுத் தளரும். வினிகர், எலுமிச்சை போன்றவை இரும்புத் துருவைக் கரைக்கும், துத்தநாகத்தையும் தின்னும். ஆகவே கழற்றிய எஃகுத் துண்டுகளுக்கு மட்டுமே அவை ஆகும். திரும்பப் பூட்டும்போது உப்பை நன்னீரில் கழுவி உலர்த்தி, மரைக்குக் கிரீஸ் தடவி, இரு உலோகங்களுக்கிடையே நைலான் வாசர் இடுங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஊறிய உப்பையும் தொல்லியல் துறையினர் சுரண்டி எடுப்பதில்லை. ஈரக் காகிதக் கூழை அப்பி, அது உலரும்போது உப்பை உறிஞ்சி வெளிக்கொணரச் செய்கிறார்கள். பழையதைக் காப்பவர் எவரும் அவசரப்படுவதில்லை.

முரண்டு பிடித்த ஒட்டகத்தின் மீதேறி அதனை அலைக்கழித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அங்கே மென்மை என்பது பிராணியிடத்தும் காட்ட வேண்டிய பண்பு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் தகப்பனார் விட்டுச் சென்ற கார்கள் சில, விற்கப்படாமலும் பழுதுபார்க்கப்படாமலும் கொட்டகையில் நிற்கின்றன. காரணம் துருவன்று, பாகப்பிரிவினைக்குப் பின் சகோதரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதேயாகும். மரணித்தவரின் கடனைத் தீர்த்து, வஸிய்யத்தை நிறைவேற்றிய பின் எஞ்சுவதில் காரும் அடங்கும். சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. அதனை மதிப்பிட்டுப் பங்கு வைக்காமல் துருப்பிடிக்க விடுவது வாரிசுகள் அனைவருக்கும் நட்டம்.

அத்தகைய வீட்டில் யாரேனும் ஒருவர் முதல் ஸலாமைச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் குரலை உயர்த்த வேண்டாம். சில நாள் பொறுத்து மீண்டும் சொல்லட்டும். பெருநாள் அன்று வீடு தேடிச் செல்லட்டும். பழைய கணக்கை அன்று எடுக்க வேண்டாம். பேச்சு சற்றே அசைந்த பிறகு, பெரியவர் ஒருவர் முன்னிலையில் காரின் பங்கைப் பற்றிப் பேசலாம்.

அல்லாஹ் நம் கைகளுக்கும் நாவுகளுக்கும் மென்மையை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.