அழைத்தால் வருக; ஆற்றிவிட்டு மீள்க!

கருவியைச் செய்தவன் அக்கருவிக்கு உடையவனாகலாம். அதனைக் கையாள்கின்றவனுக்கு உடையவனாகிவிட முடியாது. ஏர் செய்து தந்த தச்சன் உழவனின் கையைப் பற்றி உழுவிப்பதில்லை. எப்பொழுது உழுவது, எங்குத் திருப்புவது, எவ்விடத்து நிறுத்துவது என்பனவெல்லாம் உழவனின் உரிமை. இவ்வெளிய உண்மை கணிப்பொறி நிரல் எழுதுவோர்க்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. விளங்கிய பின்னும் அதனை மறந்து நிரல் எழுதுவோர் இன்றும் பலர். நிரலெழுதக் கற்றுவரும் நம் இளைஞர் அவ்வரிசையிற் சேர்ந்துவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

பழைய நிரல்கள் பெரும்பாலும் உசாவல் மன்றத்தில் வினாத் தொடுப்பாரைப் போன்றவை. பெயரைக் கேட்கும், சொல்லவேண்டும். அகவையைக் கேட்கும், சொல்லவேண்டும். மூன்றாம் வினாவிற்கு விடை தரும்பொழுது முதல் விடையைத் திருத்த விரும்பினால், நிரல் இசைந்தாலன்றி வழியில்லை. வினாவின் வரிசை முழுவதும் நிரலின் கையில். மாந்தனோ அதன் முன் கைகட்டி நின்றான்.

திரையிற் சாளரங்களும் பொத்தான்களும் நகர்பட்டைகளும் தோன்றிய பின் இந்நிலை மாறியது. ஒரு திரையில் இருபது உறுப்புகள் இருப்பின், எதனை முதலில் தொடுவார், எதனைத் தொடாமலே விடுவார் என்பதை நிரல் முன்கூட்டி அறியாது. ஆகலின் அது வினவுவதை விடுத்துக் காத்திருக்கக் கற்றது. ஏவுகின்ற நிரல், ஏவலுக்குக் காத்திருக்கும் நிரலாயிற்று.

இம்மாற்றத்தைத் தெளிவுறக் காட்டுவது எக்சு சாளர முறை. அமெரிக்க நாட்டு மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், மாணவர்க்குக் கணிப்பொறி வாய்ப்பளிக்க 1983-இல் தொடங்கிய ஏதெனாத் திட்டத்தை ஒட்டி, 1984-இல் தோன்றியது அது. அதன் பதினோராம் வடிவம் 1987-இல் வெளிவந்தது. அதன்மேற் கட்டப்பெற்ற கருவித்தொகுப்பில் பொத்தான், பட்டியல், நகர்பட்டை, எழுதுகட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் 'விட்செட்டு' என்றனர். நாம் உறுப்பு என்போம். உறுப்பைத் தொட்டவுடன் இயங்கவேண்டிய செயற்கூற்றைக் 'கால்பேக்கு' என்றனர். நாம் மீளழைப்பு என்போம்.

மீளழைப்பு இயங்கும் முறை இது: நிரலர் ஒரு செயற்கூற்றை எழுதுகின்றார், ஆனால் அதனைத் தாமே அழைப்பதில்லை. உறுப்பினிடம் அதனைப் பதிந்து வைக்கின்றார். எந்த உறுப்பு, அதன் எந்த நிகழ்வு, எந்தச் செயற்கூறு, அதற்குக் கொடுத்தனுப்ப வேண்டிய குறிப்பு யாது என நான்கு செய்திகளைத் தருகின்றார். பின்னர்க் கடிவாளத்தை முதன்மைச் சுழலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகின்றார். அச்சுழல் ஓயாது காத்திருக்கும். பயனர் சுட்டியை அழுத்தியவுடன், அழுத்தம் எந்த உறுப்பின்மேல் விழுந்தது என்று கண்டு அவ்வுறுப்பினிடம் சேர்க்கும். உறுப்பு தன்னிடம் பதிந்துள்ள செயற்கூற்றை அழைக்கும். அழைக்கும்பொழுது, தான் யார் என்பதையும், முன்பு பதிந்த குறிப்பையும், அந்நிகழ்வின் விளத்தத்தையும் சேர்த்துத் தரும். செயற்கூறு தன் பணியை ஆற்றிவிட்டு மீளும். சுழல் மீண்டும் காத்திருக்கும்.

ஓர் உறுப்பினால் மற்றோர் உறுப்பை ஆளுவதும் இவ்வாறே. ஆவணப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை 'அச்சிடு' என்னும் பொத்தான் மங்கி, அழுத்தத்தை ஏற்காமல் இருக்கவேண்டும். தேர்ந்தவுடன் பட்டியலின் மீளழைப்பு இயங்கி அப்பொத்தானை விழிப்பிக்கும். நகர்பட்டையை நகர்த்தினால் அதன் மீளழைப்புப் புதிய அளவைப் பெற்று, அருகிலுள்ள கட்டத்தில் அவ்வெண்ணை எழுதும். திரையிலுள்ள உறுப்புகள் ஒன்றையொன்று அறிந்து இயங்குவதுபோல் நமக்குத் தோன்றுவதெல்லாம் இம்மீளழைப்புகளின் வேலையே.

சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அறியாத தமிழர் இலர். ஆவும் அதனை அசைக்கலாம். அசைத்தால் அரசன் வரவேண்டும். மீளழைப்பின் அறமும் அதுவே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர் வழக்கைக் கேட்கச் சென்ற அரசன் மூன்று நாள் வாயிலுக்கு மீளாதிருந்தால், பின்னர் வந்து மணியசைத்தவர் நிலை என்ன? மணி ஒலிக்கும், கேட்பார் இரார்.

இன்றைய நிரலர் பலர் செய்யும் பிழை இதுதான். ஒரு பொத்தானின் மீளழைப்புக்குள் பல்லாயிரம் கோப்புகளைத் துழாவும் வேலையைப் புகுத்திவிடுகின்றனர். அது முடியும் வரை முதன்மைச் சுழலுக்குக் கடிவாளம் மீளாது. சாளரம் உறைந்து நிற்கும். 'நிறுத்து' என்னும் பொத்தானை அழுத்தினாலும் செவிசாய்க்க ஆளில்லை. பயனர் ஐயுற்று மீண்டும் மீண்டும் அழுத்துவார். அவ்வழுத்தங்களெல்லாம் வரிசையில் தேங்கி, பின்னர் ஒருங்கே பாயும். நீண்ட பணியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, வேறு நிகழ்வு ஏதும் இல்லாத ஓய்வு வேளைகளில் ஒவ்வொரு துண்டாக ஆற்றும் வழியை அக்கருவித்தொகுப்பே வைத்திருந்தது. வழி இருந்தும் நடவாமை நிரலரின் குற்றமே.

இது வெறும் எரிச்சலோடு போகும் செய்தி என்று எவரும் கருதவேண்டா. கனடா நாட்டிற் செய்யப்பட்ட தெராக்கு-25 என்னும் கதிர்மருத்துவப் பொறி, 1985 முதல் 1987 வரை, ஆறு பேர்க்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது. அதன் நிரல் சாளரமும் மீளழைப்பும் உடையதன்று. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் இதுவே. தெக்சாசு மாநிலத்தில் 1986-இல் நேர்ந்த நிகழ்ச்சிகளில், பொறியை இயக்கியவர் தாம் தவறாகப் பதிந்ததை விரைந்து திருத்தினார். அவ்வேளை நிரல் காந்தங்களை அமைப்பதில் ஏறத்தாழ 8 நொடி மூழ்கியிருந்தது. திருத்தம் திரையில் தோன்றியது. பொறியின் உள்ளே அது முழுமையாகச் சென்று சேரவில்லை. முன்னைப் பொறிகளில் இருந்த தனிக் காப்புப் பூட்டுகளும் இதில் நீக்கப்பட்டிருந்தன. அங்குக் கதிர்பட்ட இருவரும் மாண்டனர். மாந்தன் சொன்னதை நிரல் கேளாதிருந்த சில நொடிகளின் விலை இது.

இன்னொரு பிழையும் உண்டு. அது நம் மொழியைத் தொடுவது. பொத்தானின் மேலுள்ள சொல் வேறு. அதன் செயல் வேறு. எக்சு கருவித்தொகுப்பில் அச்சொல்லை நிரலுக்குப் புறத்தே தனிக் கோப்பில் வைக்கலாம். அங்ஙனம் வைத்தால், ஆங்கிலச் சொல்லை அகற்றித் தமிழ்ச் சொல்லை இட்டாலும் மீளழைப்பில் ஓர் எழுத்தும் மாறவேண்டுவதில்லை. அறியா நிரலரோ, பொத்தானின் மேலுள்ள ஆங்கிலச் சொல்லையே படித்து, அதற்கேற்பச் செயலைத் தேர்கின்றனர். பின்னொருநாள் தமிழ்ப் பெயர் இட்டவுடன் நிரல் விழிக்கின்றது. "கணிப்பொறிக்குத் தமிழ் ஒத்துவராது" என்னும் பழியோ தமிழின் தலையில் விழுகின்றது! குற்றம் மொழியினதா, எழுதிய கையினதா?

எக்சின் காலத்துக்குப் பின் கருவித்தொகுப்புகள் பல வந்தன. இன்று கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் நாம் தொடும் பொத்தான்களின் பின்னே நிற்பதும் இதே நெறிதான்; பெயர்கள் மாறின, நெறி மாறவில்லை. ஆகலின், நிரலெழுதும் தமிழிளைஞரே! பயனரே ஆண்டார், நும் நிரல் ஏவலாள் என்பதை நெஞ்சில் நிறுத்துக. செயற்கூறுகளைக் குறுக எழுதுக. நீண்ட பணியைத் துண்டாக்குக. பெயரைச் செயலினின்று பிரித்து வைக்குக. அழைத்தால் உடனே வருவதும், ஆற்றிவிட்டு உடனே மீள்வதுமே நல்ல ஏவலாளுக்கு அழகு!