அபராதம் கட்டினாலும் தண்டனைதான்!

“ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போப்பா. எதுக்கு வாய்தா வாய்தான்னு அலையுற?”

மாஜிஸ்திரேட் கோர்ட் வராண்டாவில் சகஜமாகக் காதில் விழும் அறிவுரை இது. திருவிழாத் தகராறில் சிக்கிய இளைஞர், ஒருநாள் கூலி போகுமே என்று தலையாட்டுகிறார். சில நூறு ரூபாயோடு கேஸ் முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார். சட்டத்தின் கணக்கில் அன்றுதான் அவர் குற்றவாளி ஆகிறார்.

எஃப்.ஐ.ஆர். என்பது புகாரின் பதிவு. குற்றப்பத்திரிகை என்பது போலீஸ் தரப்பு. அதுவரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. (நம் நாளிதழ்களோ கைதான அன்றே ‘குற்றவாளி’ என்று எழுதிவிடுகின்றன.) கோர்ட்டில் ஒத்துக்கொண்டதும் குற்றத்தீர்ப்பு விழுகிறது. ஜெயிலா, அபராதமா என்பது அதற்கு அடுத்த சங்கதி. பிறகு மனம் மாறி அப்பீல் போனால் ‘அபராதம் அதிகம்’ என்று வாதாடலாம்; ‘நான் செய்யவில்லை’ என்று சொல்ல வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

தண்டனை என்றால் ஜெயில் என்பதே நம் புரிதல். அதனால் அந்த இளைஞரும் வேலை விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறார். போலீஸ் விசாரணையில், தகவலை மறைத்தார் என்று வேலை போகிறது. இளவயதின் அற்ப வழக்கு என்றால் மன்னிக்கலாம் என்று 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிக்கலாம்தான், மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை.

வழக்கை நடத்தி ஜெயித்தவர் பாடாவது தேவலையா? தமிழகக் காவலர் தேர்வு விதி, ‘சந்தேகத்தின் பலனில்’ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. தமிழிலும் ஒரு வம்பு: ஜாமீனில் வந்தாலும் விடுதலை, தண்டனை முடிந்தாலும் விடுதலை, நிரபராதி என்றாலும் விடுதலை. ஊர் எதை நம்பும்?

அந்தக் காவலர் தேர்வு விதியை அரசு திருத்த வேண்டும். விண்ணப்பங்களில் வழக்கு நிலுவையா, விடுதலையா, ஜெயிலா, அபராதமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். முக்கியமாக, ‘ஒத்துக்கொண்டால் இது உங்கள் பெயரில் குற்றத்தீர்ப்பாகப் பதிவாகும்’ என்று தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே வாக்குமூலம் பெற உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருப்பதையும் அப்போதே சொல்லலாம். அபராத ரசீது எழுதும் நேரம்கூட ஆகாது.