சவுக்குக்கும் சான்று: செலவு யார் தலையில்?

கோவிலம்பாக்கத்தில் சாரம் கட்டப் போகும் சவுக்குக் கழிக்கு யாரும் சான்று கேட்பதில்லை. காகித ஆலைக்குப் போகும் சவுக்கு, தைல மரத்தின் கதை வேறு. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்து மரத்தில் செய்த காகிதம் வேண்டாம் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். மரம் விளைந்த இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் கேட்கிறது. அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பது வேறு விஷயம். மத்திய அரசும் 2023 டிசம்பரில் இந்திய வன, மரச் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கியது. பட்டா நிலத்து மரமும் அதில் சேரும்.

இரண்டு ஏக்கர்காரர் தனியாகச் சான்று வாங்கினால் தணிக்கைச் செலவே லாபத்தைத் தின்றுவிடும். எஃப்.எஸ்.சி. முறையில் பலர் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று பெறலாம். ஆலையோடு ஒப்பந்தம் போடுமுன், தணிக்கைச் செலவு யாருடையது, சான்று மரத்துக்கு டன்னுக்கு எவ்வளவு கூடுதல் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிட்டா, அடங்கலோடு நாற்று வாங்கிய ரசீதும் பத்திரம்.