அந்த நாலு செகண்டை ஏன் வெட்டினோம்?

போன செமஸ்டர் எங்க டீம் செய்த மினி ப்ராஜெக்ட் இதுதான். ஆப்ல 20 படம் வரும். பக்கவாதம் வந்து பேச்சு பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு படத்தோட பேரையும் சொல்லணும். குரலைப் பதிவு பண்ணி, எத்தனை சரின்னு பார்த்து ஆப் ஸ்கோர் போடும். டெமோ அன்னைக்கு அதிசயமா ஒழுங்கா ஓடுச்சு, மார்க்கும் வந்துச்சு. ஆனா நாங்க அளந்ததே தப்பான விஷயம்னு இப்போ நினைக்கிறேன்.

டெஸ்ட் பண்ண ஆள் தேடி நான் அலையல. எங்க பெரியப்பாவே இருக்கார். 30 வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவர், வாய் ஓயாத மனுஷன். ரெண்டு வருஷம் முன்னாடி மூளையோட இடது பக்கத்துல ஸ்ட்ரோக் வந்தது. இந்த நிலைக்கு அஃபேசியான்னு பேர். அவருக்கு அறிவும் ஞாபகமும் அப்படியே இருக்கு, வார்த்தைதான் வர மாட்டேங்குது. மிச்சம் இருக்கிறது மூணு: 'ஆமா', 'இல்ல', அப்புறம் வேலையில லட்சம் தடவை சொன்ன 'ரைட்'. எங்க ஆப்ல அவர் எடுத்தது 20க்கு 0. பஸ் படம் வந்தப்போ சிரிச்சுக்கிட்டே "ரைட்"னார். ஆப் சிவப்புல தப்பு போட்டுச்சு.

ரெக்கார்டரை ஆஃப் பண்ண மறந்துட்டேன். அதனால அடுத்து நடந்ததும் பதிவாயிடுச்சு. பெரியப்பா வாசப்பக்கம் கையைக் காட்டி "ரைட்ட்..."னு இழுத்தார்.

"கதவைச் சாத்தணுமா பெரியப்பா?"

"இல்ல."

"யாராவது வராங்களா?"

"இல்ல்ல..."

ரெண்டாவது 'இல்ல' வேற மாதிரி இருந்தது. கிட்ட வந்துட்ட, ஆனா அது இல்லைங்கிற மாதிரி. எனக்கு அப்போ அது உறைக்கல. நாலு செகண்ட் யாரும் பேசல. அடுப்படியில இருந்து வந்த பெரியம்மா அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுறதைப் பார்த்தாங்க. "காசா? யாருக்கு... ஐயோ, இன்னைக்கு ஒண்ணாம் தேதி! பால்கார தம்பிக்கா?"

"ரைட், ரைட்!" அது வண்டி கிளம்புற ரைட்.

இதைப் பத்தி ஏற்கனவே ஒரு ஆராய்ச்சித் துறையே இருக்குன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அமெரிக்காவில் சார்லஸ் குட்வின் என்ற ஆய்வாளர் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு யெஸ், நோ, அண்ட் என்ற மூணே வார்த்தையோடு வாழ்ந்த ஒருவரைப் பற்றியது. சில் என்று அழைக்கப்பட்ட அவர், நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். குட்வினோட சொந்த அப்பா. வீட்டில் நடக்கும் சாதாரணப் பேச்சை வீடியோ எடுத்து, குரல் ஏறி இறங்குவது, பார்வை, கை அசைவு எல்லாத்தையும் நுணுக்கமா குறிச்சு வெச்சார். சில் அடுத்தவங்க வாயில் வரும் வார்த்தைகளை வெச்சே தன் பேச்சைக் கட்டிக்கிறார், அதனால அவர் பேசத் தெரிந்தவர்தான் என்பது குட்வினோட வாதம். அதைப் படிச்சப்போ பெரியம்மா ஞாபகம்தான் வந்தது.

இந்த ஆய்வு முறையில் மௌனத்தையும் எழுதணும். கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறியீட்டில் இடைவெளியை ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து போடுவாங்க. 2009-ல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஒரு ஆய்வில் (அதுல தமிழ் இல்லை), ஒருத்தர் கேட்ட கேள்விக்கும் இன்னொருத்தர் பதிலுக்கும் நடுவே சராசரியா சுமார் 0.2 செகண்ட்தான் இருந்தது. எங்க வீட்டு நாலு செகண்ட் அதைப்போல 20 மடங்கு. அவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருக்கிறது நமக்கு எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ எங்க கோடுக்கு வரேன். மௌனத்தை வெட்டு. 'ம்', 'ஆ' எல்லாம் இரைச்சல், நீக்கு. மத்தவங்க குரலையும் நீக்கு. எல்லாரும் செய்ற க்ளீனிங்தான். அந்த சாயங்கால ஆடியோவை அதுல ஓட்டிப் பார்த்தேன். மிச்சம் வந்தது: ரைட், இல்ல, இல்ல, ரைட், ரைட். பால்காரரும் இல்ல, பெரியம்மாவும் இல்ல.

வீட்டிலயும் நாங்க இதே பரீட்சையைத்தான் வெச்சுட்டு இருந்தோம். கரண்டியைத் தூக்கிக் காட்டி "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்"னு. பதில் நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். எல்கேஜி பிள்ளை மாதிரி நடத்துறோம்னு அவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல இதுக்குன்னே 'பெட்டர் கான்வர்சேஷன்ஸ் வித் அஃபேசியா'ன்னு ஒரு பயிற்சி வெச்சிருக்காங்க. பாதிக்கப்பட்டவரும் கூட இருக்கிறவரும் தங்கள் பேச்சு வீடியோவைத் தாங்களே பார்த்து, எது உதவுது, எது தடுக்குதுன்னு கண்டுபிடிக்கணும். பயிற்சி ரெண்டு பேருக்கும்.

விபத்தில் தலையில் அடிபட்டவங்க கதை வேற. வார்த்தை வரும், ஆனா உரையாடல் தடம் மாறிடும். சிட்னியில் லியான் டோகர் குழு, அவங்க போலீசுக்கும் பஸ் நேரம் கேட்டும் போன் பண்றதைப் பதிவு செய்து ஆராய்ந்தது. எதிர்முனையில் இருப்பவர் பேசுற விதமும் பேச்சைக் கெடுக்குதுன்னு தெரிஞ்சது. 2004-ல் போலீஸ்காரங்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க, பேச்சு மேம்பட்டது. பஸ் விஷயத்தை பெரியப்பாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சார்.

"ஸ்கோர் இல்லாம ரிவ்யூல என்ன காட்டுவ?"ன்னு எங்க கைடு கேட்டார். நியாயமான கேள்விதான். படம் காட்டிப் பேர் கேட்கிற டெஸ்ட் டாக்டருக்கும் தெரபிஸ்டுக்கும் தேவை, அதை நான் மறுக்கலை. ஆனா 0ன்னு சொன்ன ஆப்புக்கும், பால் காசை ஞாபகப்படுத்தின மனுஷனுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தையும் யாராவது அளக்கணுமில்ல? ஜூனியர்ஸ் யாராவது இந்த டாபிக் எடுத்தா, அனுமதி கேட்டு ரெண்டு பேர் பேச்சையும் பதிவு பண்ணுங்க, மௌனத்துக்கும் ஒரு காலம் வைங்க.

என்கிட்ட இருக்கிறது 11 நிமிஷ ஆடியோ. பெரியப்பா சம்மதத்தோடதான் வெச்சிருக்கேன். பாதிதான் எழுதி முடிச்சிருக்கேன். அந்த ரெண்டு 'இல்ல'வையும் தமிழ்ல எப்படி வித்தியாசப்படுத்தி எழுதறதுன்னு இன்னும் பிடிபடலை. யாருக்காவது யோசனை இருந்தா ஹாஸ்டல்ல வந்து பாருங்க.