மணல் தாங்கும், ஆனால் எவ்வளவு?

பினாங்குத் தென்கரையில் சிலிக்கான் தீவுக்காகக் கடலைத் தூர்க்கும் பணி 2023 செப்டம்பரில் தொடங்கியது. திட்டப்பரப்பு 2,300 ஏக்கர். மீனவர்களின் வாழ்வாதாரம் பற்றி நிறைய விவாதம் நடந்தது, நடக்கவும் வேண்டும். அந்த மணல்மேல் எழப்போகும் கட்டடங்களின் பாரத்தைப் பற்றித்தான் பேச்சையே காணோம்.

கடலை நிலமாக்குவது இங்கே புதிதல்ல. லெபோ பந்தாய் என்றால் கடற்கரைச் சாலை. பெயர் மட்டும்தான் மிச்சம். 1880களில் வெல்ட் கீ பக்கம் தூர்த்ததும் கடல் தள்ளிப்போனது. அண்மைக் காலத்தில் தஞ்சோங் தோக்கோங்.

மணல் என்றாலே பலவீனம் என நினைக்கிறோம். அது சரியல்ல. இறுகிய மணலில் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால், ஆழமில்லாத அஸ்திவாரம்கூட அதில் நன்றாக நிற்கும். இறுக்கத்தை அறிய ஒரு சோதனை உண்டு. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுகிறது என எண்ணுவார்கள். 10க்குக் கீழே என்றால் தளர்ந்த மணல்; 30ஐத் தாண்டினால் இறுகியது. மணலில் அஸ்திவாரம் நொறுங்குவதற்கு முன்பே கட்டடம் அளவுக்கு மீறி அமுங்கிவிடும். அதனால்தான் 1948இல் டெர்சாகியும் பெக்கும், 25 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கவிடாத பாரம் எவ்வளவு என்பதை இந்த எண்ணிக்கையைக் கொண்டு கணிக்க வழி சொன்னார்கள்.

தூர்த்த நிலத்தில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நிலத்தடி நீர் அஸ்திவாரத்தின் அடிவரை ஏறினால், மணலின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகக் குறையக்கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் மணலுக்குக் கீழே கிடக்கும் கடற்களிமண். மேலே சோதனை நல்ல எண்ணைக் காட்டலாம். களிமண்ணோ நீரைக் கசியவிட்டுப் பல ஆண்டுகள் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். பெரிய கட்டடங்களுக்கு ஆழமாகப் பைலிங் போடுவது இதனால்தான்.

நம்மவர்கள் சறுக்குவது வீட்டை நீட்டிக்கும்போது. தாய்வீடு பைலிங்மேல் அசையாமல் நிற்கும். பின்னால் கட்டிய சமையலறை ஆழமில்லாத அஸ்திவாரத்தோடு அமுங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல். குத்தகையாளர் சிமெண்டு பூசிச் சாயம் அடிப்பார்; சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் விரியும். நீட்டிப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பொறியாளரிடம் மண்ணைக் காட்டுங்கள். சிலிக்கான் தீவின் மண் சோதனை முடிவுகளையும், அங்கே இடம் வாங்குவோருக்குப் புரியும் மொழியில் மாநில அரசு வெளியிட வேண்டும்.